'முகம் செத்துக் கிடக்கு' என்று சொல்லப்பட்ட பிள்ளைக்கு

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருந்த கேள்விக்கு இது பதில். மகளுக்கு 13 வயது, 6 வருடமாகப் பரதம் படிக்கிறாள், அடவு (அடிப்படை ஆட்ட அசைவுகள்) சுத்தம், தாளம் பிசகாது, ஆனால் அபிநயம் (முகத்தாலும் கையாலும் உணர்ச்சியைச் சொல்வது) என்று வந்தால் டீச்சர் 'முகம் செத்துக் கிடக்கு' என்கிறாராம். வீட்டில் தினமும் அரை மணி நேரம் கண்ணாடி முன்னால் நின்று நவரசம் பழகிப் பார்த்தாயிற்று, அதில் இன்னும் மோசமாகத்தான் ஆகியிருக்கிறது. இன்னொன்றும் கேட்டிருந்தார், கொஞ்சம் தயங்கித்தான்: 'நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். முருகனை நினைத்து உருகு என்றால் பிள்ளை என்ன செய்ய என்று தெரியாமல் விழிக்கிறாள். இது அவளுக்கு வரவே வராதோ?'

வரும். நாகர்கோவிலில் 20 வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், இதே புகாரோடு என்னிடம் வந்த பிள்ளைகள் யாருக்கும் முகத்தில் ஒரு குறையும் இருந்ததில்லை. வகுப்பு முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு சண்டையைத் தோழியிடம் அவள் சொல்லும்போது பாருங்கள். கண், புருவம், கழுத்து, விரல் எல்லாம் பேசும், சண்டை போட்ட இரண்டு பேரையும் மாறி மாறி நடித்துக் காட்டுவாள், நடுவில் வந்து அதட்டிய டீச்சரையும் சேர்த்து. அங்கே அவளுக்குச் சொல்ல ஒரு சங்கதி இருக்கிறது, கேட்க ஓர் ஆள் இருக்கிறது. கண்ணாடி முன்னால் இரண்டும் இல்லை. 'சோகம்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு உதட்டைக் கீழே இழுக்கிறாள், அவ்வளவுதான் அவளால் முடியும், யாராலும் அவ்வளவுதான் முடியும்.

நவரசத்தை முகத்தால் பழகுகிற வழக்கம் தப்பு என்று நான் சொல்லவில்லை. கதகளியில் அது கட்டாயம். விடியுமுன் எழுந்து, கண்ணில் நெய் விட்டுக்கொண்டு, கருவிழியை மேலும் கீழும் வட்டமாகவும் சுழற்றி வருடக்கணக்கில் பழகுவார்கள். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவில் திருவிழாவில் ராத்திரி கதகளி பார்த்திருந்தால் தெரியும், நிலவிளக்கு வெளிச்சத்தில் அந்தச் சிவந்த கண் மட்டும் தனியாக உயிரோடு நகர்வது போல இருக்கும் (சிவப்புக்காகச் சுண்டப்பூ விதையைக் கசக்கி இமைக்குள் வைத்துக்கொள்வார்கள்). ஆனால் அந்தப் பயிற்சி அரிவாளைத் தீட்டி வைப்பது மாதிரி. எதை வெட்டுவது என்பதை அது சொல்லாது. ஆட்டத்துக்குள் போனதும் நடிகர் பிடித்துக்கொள்வது கதையை, எதிரில் நிற்கிற ஆளை, அந்த நேரத்தில் நடப்பதை. நம் ஊர்ப் பரத வகுப்புகளில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் வாரம் 2 மணி நேரத்துக்குள் அடக்கி, ஒன்பது முகத்தையும் போட்டோவுக்கு நிற்பது போலப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்து வைக்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம் இது.

நாட்டிய சாஸ்திரத்தில் ரசம், அதாவது பார்க்கிறவர் மனசில் உண்டாகிற சுவை, எப்படிப் பிறக்கிறது என்று பரத முனி சொல்வது ஒரே வரிதான். விபாவம், அனுபாவம், வியபிசாரி பாவம் மூன்றும் சேர்ந்து ரசம் உண்டாகிறது. விபாவம் என்பது காரணம்: யார், எங்கே, எதனால். அனுபாவம் என்பது அந்தக் காரணத்தால் உடம்பில் வெளியே தெரிவது, கண் தாழ்வது, கை பின்வாங்குவது போல. வியபிசாரி என்பவை வந்து வந்து போகிற சின்ன நிலைகள், சந்தேகம், களைப்பு, நாணம், பொறாமை என்று 33 கணக்குச் சொல்வார்கள். வரிசையைக் கவனியுங்கள், காரணம் முதலில் நிற்கிறது, முகம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. பரதரே இதைச் சமையலோடு ஒப்பிட்டுத்தான் விளக்குகிறார். நம் வீட்டு அவியலையே எடுத்துக்கொள்ளுங்கள். சேனையும் வாழைக்காயும் முருங்கையும் தனித்தனியாக வெந்து கிடந்தால் அதற்கு அவியல் என்று யாரும் பேர் சொல்ல மாட்டார்கள், தேங்காயும் சீரகமும் அரைத்துப் போட்டு, தேங்காய் எண்ணெய் ஊற்றி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு மூடி வைத்த பிறகு ஒரு ருசி வருமே, அதை எந்தக் காய்க்குள்ளும் தேடி எடுக்க முடியாது. கண்ணாடி முன்னால் தனியாகச் 'சோகம்' பழகுவது சேனையை மட்டும் வேகவைத்துவிட்டு ருசியைத் தேடுவதுதான்.

இதை விடத் தெளிவாக நம் தொல்காப்பியம் சொல்கிறது, அதைப் பரத வகுப்பில் யாரும் எடுப்பதில்லை என்பது என் நீண்ட நாள் ஆதங்கம். பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு இயலே இருக்கிறது. மெய்ப்பாடு, மெய்யில் படுவது, உள்ளே நடப்பது உடம்பில் தெரிவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. அதோடு நிறுத்தாமல் ஒவ்வொன்றும் எதனால் வரும் என்று தொல்காப்பியர் நாலு நாலு காரணம் சொல்கிறார், ஆக 32. அச்சம் வருவது அணங்கால் (தெய்வம், பேய் போன்றவற்றால்), விலங்கால், கள்வரால், தம் இறையால், அதாவது தன் மேல் அதிகாரம் உள்ளவரால். அழுகை வருவது இளிவால், இழவால், அசைவால், வறுமையால். பிறர் கேவலமாக நடத்தியதால் வருகிற அழுகையும் ஒரு உயிரை இழந்த அழுகையும் ஒரே முகமாக இருக்க முடியாது என்று அந்தக் காலத்திலேயே பிரித்து வைத்திருக்கிறார். தொல்காப்பியம் அரங்கேறியது அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் என்று பாயிரம் சொல்கிறது. நம் மாவட்டத்து அதங்கோடுதான் அவர் ஊர் என்பது நம் பக்கத்தில் வழிவழியாக உள்ள நம்பிக்கை. உங்களுக்கு அது பக்கத்து ஊர்தானே, பிள்ளையிடம் சொல்லுங்கள், அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

சரி, இதை வைத்து என்ன செய்வது. மருட்கையை, அதாவது வியப்பை, எடுத்துக்கொள்வோம். அதற்குத் தொல்காப்பியர் சொல்லும் காரணங்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். நான் பிள்ளைகளிடம் முதலில் மாத்தூர் தொட்டிப்பாலத்தைக் கேட்பேன். கீழே ஆற்றங்கரையில் நின்று 115 அடி உயரத் தூணை அண்ணாந்து பார்த்திருக்கிறாயா மக்களே, அங்கே நிற்பது போல நில் என்பேன். தலை தானாகப் பின்னால் சாயும், மூச்சு உள்ளே போகும், கண் கீழிருந்து மேலே மெதுவாக ஏறும். அப்புறம், தோவாளையிலிருந்து வந்த பிச்சிப்பூவைக் கட்டிக்கொண்டிருக்கிறாய், ஒரு மொட்டுக்கு மேல் கண்ணுக்கே தெரியாத எறும்பு ஒன்று தன்னை விடப் பெரிய எதையோ இழுத்துக்கொண்டு போகிறது, பார் என்பேன். இப்போது தலை முன்னால் குனியும், மூச்சு நின்றுவிடும், கண் சுருங்கும், விரல் கூட அசையாது. இரண்டும் வியப்புதான், இரண்டுக்கும் 'அற்புதம்' என்றுதான் பெயர். ஆனால் கண்ணாடி முன்னால் பழகியவள் இரண்டுக்கும் ஒரே மாதிரி புருவத்தைத் தூக்கி வாயைத் திறப்பாள். மூச்சையும் கவனிக்கச் சொல்லுங்கள், அது மாறாமல் முகம் மட்டும் மாறினால் பொய் என்று பார்க்கிறவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

இனி முருகன். உருகு என்று சொன்னால் யாருக்குமே உருக வராது, தினம் கோவிலுக்குப் போகிற பிள்ளைக்கும்தான். அவளுக்குக் கதையைச் சொல்லுங்கள். தக்கலைக்குப் பக்கத்தில் வேளிமலை குமாரகோவில் இருக்கிறதே, வள்ளியை முருகன் மணந்த இடம் அது என்று நம் ஊரில் சொல்வார்கள். வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல் நின்று குருவி விரட்டுகிறாள். யாரோ ஒரு வேடன் வந்து வழி கேட்கிறான், விரட்டுகிறாள். அப்புறம் ஒரு கிழவன் வருகிறான், பசிக்கிறது என்கிறான், தேனும் தினைமாவும் கொடுக்கிறாள், விக்கிக்கொள்கிறான், தண்ணீர் கொடுக்கிறாள், உடனே கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா என்கிறான். இவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது. அந்த நேரம் பிள்ளையார் யானையாக வந்து நிற்கிறார். பயத்தில் யாரைப் பிடிக்கிறோம் என்று தெரியாமல் அந்தக் கிழவனையே கட்டிக்கொள்கிறாள். தொல்காப்பியர் சொன்ன நாலு அச்சத்தில் இரண்டாவது இது, விலங்கு. இதில் 13 வயதுப் பிள்ளைக்குத் தெரியாத உணர்ச்சி எது? யானையைப் பார்த்த பயம் தெரியும், வயசான ஆள் கேலி பண்ணினால் வருகிற எரிச்சல் தெரியும், விக்குகிறவருக்கு ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்கத் தெரியும். அவள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறாள் என்பது இங்கே குறுக்கே வரவே இல்லை.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். ஆட்டத்துக்கென்றே இருந்த குறவஞ்சி வடிவத்தை அப்படியே எடுத்துக் கிறிஸ்துவுக்குப் பாடினார். பெரிய வெள்ளிக்கிழமை மாதாவின் வியாகுலம் பாடும்போது உங்கள் சர்ச்சில் பெண்கள் கண் கலங்குவதைப் பிள்ளை பார்த்திருப்பாள். மகனை இழந்த ஒரு தாய்க்காகத்தான் அந்தக் கண்ணீர். பழைய உரைகாரர்கள் இதற்கு சாதாரணீகரணம் என்று பேர் வைத்தார்கள், ஒருவருடைய துக்கம் மேடையில் ஏறியதும் அது அவருடையதாக மட்டும் இல்லாமல் எல்லாருக்கும் பொதுவாகிவிடுவது. அதனால்தான் யார் வீட்டுத் துக்கத்தையோ பார்த்து அழுதுவிட்டு, மனசு நிறைந்தது என்று சொல்லி வீட்டுக்குப் போகிறோம். முருகன் பாட்டு ஆடுகிற உங்கள் மகளுக்கும் வேண்டியது அந்தப் பொது இடம்தான், வேறு எதையும் அவள் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இன்னொரு பாட்டையும் சொல்கிறேன், இந்த வயதுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. அருணாசலக் கவிராயர் (1711-1779) பாடிய 'ஏன் பள்ளி கொண்டீரய்யா', ஸ்ரீரங்கநாதரைப் பார்த்துக் கேட்பது. ஏன் இப்படிப் படுத்திருக்கிறீர், சீதையோடு வழிநடந்த களைப்பா, குகன் ஓடத்தில் கங்கையைக் கடந்த களைப்பா, மாரீசன் பின்னால் ஓடின களைப்பா என்று கேட்டுக்கொண்டே போகும். பலரும் இதை ஆடும்போது கேள்வியை விட்டுவிட்டு நேராக ராமாயணக் காட்சிகளுக்குப் போய்விடுகிறார்கள், வில், ஓடம், மான் என்று ஒவ்வொன்றாகக் காட்டி முடிக்கிறார்கள். படுத்திருக்கிற ஆளை மறந்துவிடுகிறார்கள். என்னிடம் படித்த ஒரு பிள்ளை, குலசேகரம் பக்கம், அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர். விடியுமுன் எழுந்து தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போனால் வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடித்து வீடு வர மதியம் ஆகும், வந்து திண்ணையில் அப்படியே சாய்ந்துவிடுவார். அந்தப் பிள்ளையிடம், உங்கப்பாவிடம் கேட்பது போல முதல் வரியை மட்டும் கேள் மக்களே என்றேன். அவள் மேடையில் செய்வது போல எதுவுமே செய்யவில்லை. இரண்டு அடி பக்கத்தில் போனாள், தூங்குகிறாரா என்று பார்த்தாள், தொடலாமா என்று கையை நீட்டி, எழுந்துவிடுவாரோ என்று பின்னால் இழுத்துக்கொண்டாள், அப்புறம் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பார்த்தாள். வகுப்பில் இருந்த எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அந்தப் பாதத்தைப் பார்த்த இடத்திலிருந்துதான் 'வழிநடந்த களைப்பா' என்ற அடுத்த கேள்வி வர முடியும். திருவட்டாற்றில் 22 அடி நீளத்துக்குப் பெருமாள் படுத்திருக்கிறார், மூன்று வாசல் வழியாகத்தான் முழுசாகப் பார்க்க முடியும். அத்தனை வருடம் போய்வந்தும் நான் பார்க்காத ஒன்றை அன்றைக்கு அந்தப் பிள்ளை எனக்குக் காட்டினாள்.

அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூலில் வருகிற ஒரு சுலோகத்தை எல்லா டீச்சரும் ஒப்பிக்க வைப்பார்கள். கை போகிற இடத்தில் கண், கண் போகிற இடத்தில் மனம், மனம் போகிற இடத்தில் பாவம் (உணர்ச்சி), பாவம் இருக்கிற இடத்தில் ரசம். உங்கள் மகளுக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். அதில் கண்ணுக்கும் பாவத்துக்கும் நடுவே மனம் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது, வகுப்பில் அதைத்தான் தாண்டிப் போகிறோம். கையைப் பார் என்கிறோம், முகத்தில் கொண்டுவா என்கிறோம், நடுவில் என்ன நினைக்க வேண்டும் என்று சொல்வதே இல்லை. பாட்டின் அர்த்தம் தெரியாமல் ஆடுகிற பிள்ளைகள் எத்தனை பேர், தெலுங்குப் பாட்டை விடுங்கள், தமிழ்ப் பாட்டுக்கே. வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் எழுதி வாங்குங்கள், கேட்டால் கோபிக்கிற டீச்சர் என்றால் நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். அப்புறம் பாடச் சொல்லுங்கள், குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. பரதக் கலைஞர் பாலசரஸ்வதி (1918-1984) பதம் (அபிநயத்துக்கென்றே உள்ள பாட்டு) ஆடும்போது தானே பாடிக்கொண்டு ஆடுவார். வீணை தனம்மாள் குடும்பம், அம்மா ஜெயம்மாள் பக்கத்தில் பாட, ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு நினைப்பு. பாட்டு எங்கே இழுக்கிறது, எங்கே தயங்குகிறது என்பது தொண்டைக்குத் தெரிந்தால் கண்ணுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

உண்மையிலேயே அழ வேண்டுமா என்றும் பிள்ளைகள் கேட்பார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த பிறகு அரிசியும் துணியும் கொண்டு கடற்கரை ஊர்களுக்குப் போனவர்களில் நானும் ஒருத்தி. கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராத வீடுகள். நான் 'சோகம்' என்று அதுவரை சொல்லிக் கொடுத்த முகம் ஒன்றையும் அங்கே பார்க்கவில்லை. ஒரு அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு கடலையே பார்த்து உட்கார்ந்திருந்தார், யாரோ டீ கொடுத்தார்கள், வாங்கிக் கையில் வைத்திருந்தார், ஆறிப் போகும் வரை குடிக்கவில்லை, கீழே வைக்கவும் இல்லை. சாத்விக பாவம், அதாவது உள்ளுணர்ச்சியால் உடம்பில் தானாக வருகிற மாற்றங்கள், எட்டில் முதலாவது ஸ்தம்பம், அசைவற்றுப் போவது. கண்ணீர் அந்த வரிசையில் ஏழாவதாகத்தான் வருகிறது. புத்தகத்தில் நூறு தடவை படித்ததுதான், எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அவர்கள் துக்கத்தை எடுத்து மேடையில் ஆடு என்று எந்தப் பிள்ளையிடமும் நான் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அழுகை என்றால் உதட்டைப் பிதுக்கு என்று அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. மேடையில் நிஜமாக அழுதால் மூக்கு அடைக்கும், தாளம் போகும், அடுத்த வரி மறந்துபோகும். காரணத்தை முழுசாக நம்பினால் போதும், கண் நனைந்தால் நனையட்டும், நனையாவிட்டாலும் பார்க்கிறவர்களுக்குப் போய்ச் சேரும்.

சிருங்காரம், அதாவது காதல் ரசம், பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நாயகனுக்காக உருகுகிற பதங்கள் பெரிய பொக்கிஷம், அதை அசிங்கம் என்று ஒதுக்குவதும் பக்தி என்று பூசி மெழுகுவதும் எனக்குப் பிடிக்காது. நம் மாவட்டம் முன்பு திருவிதாங்கூரில் இருந்தது. அதன் மன்னர் சுவாதித் திருநாள் அரண்மனையில், பரத வகுப்பு முறையை ஒழுங்குபடுத்திய தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இருந்தார், பதமும் வர்ணமும் அங்கே வளர்ந்தன. சுசீந்திரம் கோவிலில் ஆடிய பெண்களிடம் இந்தக் கலை தலைமுறைகளாக இருந்தது, 1930ல் திருவிதாங்கூரில் தேவதாசி முறை நிறுத்தப்படும் வரை. அந்தப் பெண்களை மறந்துவிட்டு அபிநயம் பேசுவது நன்றிகெட்ட செயல். ஆனால் 13 வயதில் விரகம் ஆட வைக்க வேண்டாம். யசோதை, வள்ளியின் தோழி, குகன், சபரி, இவர்களே அவளுக்கு 3 வருடத்துக்குப் போதும்.

மொபைலில் பார்த்து முகத்தைக் காப்பி அடிப்பதையும் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லுங்கள். பத்மநாபபுரம் அரண்மனை நவராத்திரி மண்டபத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள், கல்தூணும் கண்ணாடி போல வழுவழுத்த கருப்புத் தரையும், பக்கத்தில் அரண்மனைப் பெண்கள் மறைவாக இருந்து பார்க்க மரக் கிராதியும் இருக்கும். விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குப் போய்ச் சேர உடம்பு முழுசும் பேச வேண்டும். ரீல்ஸில் முகம் மட்டும் பெரிதாகத் தெரிவதால் பிள்ளைகள் புருவத்தாலேயே எல்லாவற்றையும் சொல்லப் பார்க்கிறார்கள். உங்கள் மகளைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள், முதுகு என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

அந்தக் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம், அரைமண்டி (முழங்கால் மடக்கிப் பாதி உட்காரும் நிலை) சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க அது வேண்டும். அடவு முடிந்ததும் ஒரு பழைய சேலையை அதன் மேல் போட்டுவிட்டு, எதிரில் நீங்கள் உட்காருங்கள். எதுவும் திருத்த வேண்டாம். அன்றைக்கு வகுப்பில் எடுத்த வரியில் யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் அவளிடம் கேளுங்கள், வாயால் சொல்லத் தொடங்குவாள், பாதியில் கை எழும்பும்.